பல்லடைப்பின் வரலாறு

மனித உடலில் ஏற்படும் காயங்களிற் பெரும்பாலானவை தாமே ஆறுகின்றன. முறிந்த எலும்பு கூடுகிறது. கிழிந்த தோல் மூடிக்கொள்கிறது. வெட்டிய நகமும் முடியும் மீண்டும் வளர்கின்றன. ஆனால் பல்லில் ஒரு சிறு குழி விழுந்துவிட்டால், அதை உடல் ஒருபோதும் நிரப்பித் தருவதில்லை. உடலிலேயே மிகக் கடினமான பொருளுக்கு இக்குறை வாய்த்திருப்பது வியப்புக்குரியதன்றோ? உடல் செய்ய மறுத்ததை மனிதன் தன் கையால் செய்ய முற்பட்டான். அம்முயற்சியின் வரலாற்றையே இன்று நான் மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன். பல் மருத்துவம் என்றதும் வலியும் அச்சமும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும், ஒரு கைத்தொழில் எவ்வாறு விஞ்ஞானமாக மாறுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது என்பது என் கருத்து.

முதலில் பல்லின் அமைப்பைச் சிறிது காண்போம். ஈறுக்கு வெளியே தெரியும் பகுதி முழுவதையும் போர்த்தியிருக்கும் வெண்ணிற உறைக்கு எனாமல் என்று பெயர். பற்சிப்பி என்றும் கூறுவர். அதன் எடையில் நூற்றுக்கு 96 பங்கு தாதுப்பொருளே. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து உண்டான ஹைட்ராக்ஸி அபடைட் என்னும் படிகம் அது. எஞ்சியவை நீரும், மிகச் சிறிதளவு உயிர்ப்பொருளும் ஆகும். பல இலட்சம் நுண்ணிய கோல்களை நெருக்கமாக அடுக்கிவைத்தாற் போன்றது எனாமலின் அமைப்பு. கடைவாய்ப் பல்லின் மேடுகளிற்கூட அதன் தடிப்பு இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது. அதற்கு உள்ளே சற்று மென்மையான தந்தினி என்னும் பகுதியும், அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக்குழாயும் நிறைந்த கூழும் இருக்கின்றன.

பல் ஈற்றினுள் மறைந்து உருவாகும் காலத்தில், சில உயிரணுக்கள் இந்த எனாமலைப் படலம் படலமாகச் சமைக்கின்றன. பல் முளைத்து வெளிவரும்போது அவ்வுயிரணுக்கள் அழிந்துபோகின்றன. வீட்டைக் கட்டிமுடித்த கொத்தன் ஊரைவிட்டே போய்விட்டால், பின்னர்ச் சுவரில் விழும் ஓட்டையைப் பூச யார் இருக்கிறார்கள்? எனாமல் தானே வளராமைக்குக் காரணம் இதுதான்.

பல்லில் விழுந்த ஓட்டையை எதையேனும் கொண்டு அடைக்கலாம் என்னும் எண்ணம் மிகப் பழையது. இன்றைய ஸ்லோவேனிய நாட்டைச் சேர்ந்த குகை ஒன்றில் கிடைத்த மனிதத் தாடையை 2012-ஆம் ஆண்டில் ஆராய்ந்தனர். அது ஏறத்தாழ 6,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. பிளவுண்ட பல் ஒன்றின்மேல் அதிலே தேன்மெழுகு பூசப்பட்டிருந்தது. அம்மனிதன் உயிரோடிருந்த காலத்திலேயே அது வைக்கப்பட்டதாயின், நமக்குத் தெரிந்த மிகப் பழைய பல்லடைப்புகளுள் ஒன்றாக அதைக் கருத வேண்டும்.

ஆனால், ஓட்டை ஏன் விழுகிறது என்பதை நெடுங்காலம் எவரும் அறிந்திலர். பல்லைப் புழு அரிக்கிறது என்று பாபிலோனியர் எழுதிவைத்தனர். அந்நம்பிக்கை உலகெங்கும் பரவியிருந்தது. நம் நாட்டுக் கிராமங்களில் ‘பல்லில் பூச்சி விழுந்துவிட்டது’ என்று கூறுவதும், கண்டங்கத்திரி விதையின் புகையை வாயில் பிடித்துப் பூச்சியை வெளியேற்ற முயல்வதும் நாம் அறிந்தவையே. ஐரோப்பாவிலும் வேறொரு செடியின் விதையைக் கொண்டு இதே முறையைக் கையாண்டனர். சூட்டில் வெடித்த விதையிலிருந்து வெளிப்படும் முளை, பார்ப்பதற்குச் சிறு புழுவைப் போலவே இருக்கும். அதைக் கண்டவர் பல்லிலிருந்து புழு விழுந்தது என்று நம்பினர். பியர் போஷார் என்னும் பிரெஞ்சு மருத்துவர், 1728-ஆம் ஆண்டில் பல் மருத்துவத்தைப் பற்றி எழுதிய பெருநூலில் இக்கொள்கையை மறுத்தார். சொத்தையான பகுதியைச் சுரண்டி நீக்கி, ஈயம், வெள்ளீயம் போன்ற உலோகங்களால் குழியை அடைக்கும் முறையையும் அவர் விவரித்தார். பிரெஞ்சு மொழியில் பல்லடைப்பைக் குறிக்கும் சொல் இன்றும் ஈயத்தின் பெயரிலிருந்தே பிறந்ததாக உள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செல்வர்களின் பற்களைத் தங்கத் தகட்டால் அடைத்தனர். மெல்லிய தகடுகளைக் குழியில் இட்டு, அழுத்தி அழுத்தி நிரப்ப வேண்டும். அது நல்ல வேலை. ஆனால் நேரமும் பொருளும் மிகுதியாகச் செலவாகும் வேலை. ஏழைகளுக்குப் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1826-ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரத்தைச் சேர்ந்த தாவோ என்பவர் வெள்ளியையும் பாதரசத்தையும் சேர்த்துக் களிம்பு போன்ற ஒரு பொருளை ஆக்கினார். அக்களிம்பு குழியில் இட்ட சில மணி நேரத்தில் இறுகிவிடும். மலிவானது, எளிதில் வைக்கத் தக்கது. இதுவே இரசக்கலவை எனப்படுவது.

1833-இல் கிராக்கூர் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த சகோதரர்கள் இதை நியூயார்க் நகருக்குக் கொண்டுசென்றனர். அரசர்க்குரிய தாதுப்பொருள் என்னும் பொருள்படப் பகட்டான பெயர் ஒன்றைச் சூட்டி விளம்பரம் செய்தனர். சொத்தையைக்கூடச் சரியாக நீக்காமல் கலவையைத் திணித்து அனுப்பினர். அடைப்பு விழுந்தது, பல் உடைந்தது. நேர்மையான மருத்துவர்கள் வெகுண்டெழுந்தனர். 1840-இல் தோன்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் ஒன்று, ‘நான் இரசக்கலவையைப் பயன்படுத்தமாட்டேன்’ என்று உறுப்பினர் அனைவரும் உறுதிமொழி எழுதித்தர வேண்டும் என 1845-இல் கட்டாயப்படுத்திற்று. அதனால் என்ன நேர்ந்தது? உறுப்பினர் பலர் விலகினர். 1856-இல் அச்சங்கமே கலைந்துபோயிற்று. இரு தரப்பினரும் உரக்கப் பேசினர். ஆனால் இரசக்கலவை இறுகும்போது உண்மையில் என்ன நிகழ்கிறது என்பதை அளந்து அறிய எவரும் முன்வரவில்லை என்பதை நாம் கருத வேண்டும்.

விடையைத் தேடி ஆய்வுக்கூடத்துக்குச் சென்றவர்களுள் இருவரைச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். ஒருவர் வில்லோபி மில்லர். மற்றொருவர் கிரீன் வார்டிமன் பிளாக். இருவரும் அமெரிக்கர்.

மில்லர் பல் மருத்துவம் பயின்றபின் பெர்லின் நகரில் தங்கி, இராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்களைப் பற்றி ஆராய்ந்தார். அவருடைய சோதனை பள்ளி மாணவரும் விளங்கிக்கொள்ளத் தக்கது. பிடுங்கிய பற்களை உமிழ்நீரும் ரொட்டியும் கலந்த கலவையில் இட்டு உடலின் வெப்பத்தில் வைத்தார். பல்லின் சுண்ணப்பொருள் கரைந்தது. ரொட்டிக்குப் பதிலாக இறைச்சியை இட்டபோது பல் கரையவில்லை. ரொட்டி இருந்தும், உமிழ்நீரை முதலில் கொதிக்கவைத்துப் பயன்படுத்தியபோதும் பல் கரையவில்லை. இம்மூன்றையும் ஒப்பிட்டால் முடிவு தானே விளங்கும். வாயிலுள்ள நுண்ணுயிர்கள் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் புளிக்கச் செய்கின்றன. அதில் பிறக்கும் அமிலம் எனாமலைக் கரைக்கிறது. கொதிக்கவைத்தால் நுண்ணுயிர் மடிவதால் அமிலமும் பிறப்பதில்லை. 1890-இல் மில்லர் இக்கொள்கையை நூலாக வெளியிட்டார். பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன் நம்பிய புழு அன்றோடு மறைந்தது. 1954-இல் அமெரிக்காவில் கிருமியே இல்லாத சூழலில் எலிகளை வளர்த்து, அவற்றுக்குச் சர்க்கரை மிகுந்த உணவைக் கொடுத்தனர். அவற்றின் பற்களில் சொத்தை விழவில்லை. மில்லரின் கருத்து ஐயத்துக்கு இடமின்றி உறுதிப்பட்டது.

பிளாக்கின் வரலாறு வேறு வகையானது. 1836-இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்த அவர், பள்ளிக்கூடத்தில் அதிகம் பயின்றவர் அல்லர். சிற்றூர்களில் தொழில் செய்துகொண்டே தாமாகப் பயின்று, பின்னர்ச் சிகாகோ நகரிலுள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் பள்ளிக்குத் தலைவரானார். தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே செய்துகொண்டார். கடிவிசையை அளக்க ஒரு கருவி. இரசக்கலவை இறுகும்போது எவ்வளவு விரிகிறது, எவ்வளவு சுருங்குகிறது என்று அளக்க ஒரு கருவி. 1895-லும் அடுத்த ஆண்டிலும் அவர் வெளியிட்ட கட்டுரைகள் அரை நூற்றாண்டுச் சச்சரவுக்கு முற்றுப்புள்ளி வைத்தன.

அவர் கண்டது என்ன? கலவையில் வெள்ளி மிகுந்தால் அது விரிகிறது; வெள்ளீயம் மிகுந்தால் சுருங்குகிறது. விரிந்தால் பல்லுக்கு ஊறு. சுருங்கினால் பல்லுக்கும் அடைப்புக்கும் இடையே மயிரிழை போன்ற இடுக்கு உண்டாகிறது. அவ்விடுக்கில் கிருமியும் அமிலமும் புகுந்து, அடைப்பின் அடியிலேயே மறுபடியும் சொத்தையை உண்டாக்குகின்றன. ஆகவே இரசக்கலவை நல்லதா, தீயதா என்று கேட்பதிற் பயனில்லை. எந்த அளவில் கலந்த இரசக்கலவை என்றே கேட்க வேண்டும். விரிவும் சுருக்கமும் ஒன்றையொன்று ஈடுசெய்யுமாறு அவர் வகுத்த கலவை, பின்னர் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் உலகெங்கும் அடிப்படையாக விளங்கிற்று. பற்களையும் அவர் அவ்வாறே அளந்தார். சுண்ணம் குறைந்த மென்மையான பற்களே சொத்தையாகின்றன என்று அக்காலத்தார் நம்பினர். சுண்ணத்தின் அளவில் பல்லுக்குப் பல் அத்தகைய வேற்றுமை இல்லை என்று பிளாக் காட்டினார்.

இத்துணை வெற்றியிலும் ஒரு குறை எஞ்சியிருந்தது. இரசக்கலவை பல்லோடு ஒட்டாது. குழியில் இறுகி உட்கார்ந்திருக்கும், அவ்வளவே. ஆகவே அது விழாதிருக்க, குழியை வாய் குறுகி உள்ளே அகன்ற வடிவத்தில் வெட்ட வேண்டும். சொத்தை மறுபடியும் வரக்கூடிய பக்கங்களையும் முன்கூட்டியே வெட்டி அடைத்துவிட வேண்டும் என்பதும் பிளாக் வகுத்த விதி. அக்கால அறிவுக்கு ஏற்ற நல்ல விதியே அது. ஆனால் அடைப்புப் பொருளுக்கு இடங்கொடுப்பதற்காக, நோயற்ற எனாமலும் வெட்டப்பட்டது. ஒருமுறை வெட்டிய எனாமல் மீண்டும் வராது என்பதை முன்னரே கூறினேன். பொருளுக்காகப் பல்லை வெட்டிய காலம் என்று அதைக் குறிப்பிடலாம்.

இதற்கிடையே எனாமலைப் பற்றிய அறிவு வேறொரு திசையிலிருந்தும் வளர்ந்தது. 1901-இல் அமெரிக்காவின் கொலராடோ மலைநாட்டுக்குச் சென்ற மக்கே என்னும் பல் மருத்துவர், அங்குள்ளவர்களின் பற்களில் பழுப்பு நிறக் கறைகளைக் கண்டார். முதுமை எய்திய பிளாக்கும் அங்கு வந்து அவருடன் சேர்ந்து ஆராய்ந்தார். கறை படிந்த அப்பற்களில் சொத்தை குறைவாக இருந்தது. 1931-இல் சர்ச்சில் என்னும் இரசாயன அறிஞர், குடிநீரிலிருந்த புளோரைடே கறைக்குக் காரணம் என்று கண்டார். நமது சென்னை மாகாணத்திலும் இந்நோய் இருந்ததை 1937-இல் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று உலகுக்கு அறிவித்தது. அங்குப் பல்லோடு எலும்பும் கெட்டிருந்தது. இன்றும் தருமபுரி போன்ற வறண்ட மாவட்டங்களில் இது ஒரு துயரமாகவே உள்ளது. மிகுந்தால் நஞ்சாகும் அதே பொருள், மிகச் சிறிய அளவில் எனாமலின் மேற்பரப்பில் படியும்போது அமிலத்தை எதிர்க்கும் வன்மையை அதற்குத் தருகிறது. அளவை அறிவதன் இன்றியமையாமையை இங்கும் காண்கிறோம்.

பல்லோடு ஒட்டும் அடைப்பு வேண்டும் என்னும் வேட்கை 1955-இல் ஓரளவு நிறைவேறிற்று. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் ஆராய்ந்துகொண்டிருந்த மைக்கேல் புவொனகோர், தொழிற்சாலைகளில் உலோகத்தின் மேல் வண்ணம் நன்கு பற்றுவதற்காக அதை முதலில் பாஸ்பாரிக் அமிலத்தால் துடைக்கும் வழக்கத்தை அறிந்திருந்தார். எனாமலையும் அவ்வாறு செய்தால் என்ன? முன்பற்களில் நூற்றுக்கு 85 பங்கு வலிமையுள்ள அமிலத்தை 30 விநாடி தடவிக் கழுவினார். அதன்மேல் அக்ரிலிக் பிசினில் ஒரு துளியை வைத்தார். அமிலம் தடவாத பல்லில் வைத்த துளி விரைவில் உதிர்ந்துவிட்டது. அமிலம் தடவிய பல்லிலோ அது வாரக்கணக்கில் நிலைத்திருந்தது. அமிலம் எனாமலின் கோல்களைச் சிறிதளவு அரித்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை உண்டாக்குகிறது. பிசின் அத்துளைகளுள் இறங்கி இறுகி, வேர்விட்ட செடியைப் போல் பற்றிக்கொள்கிறது என்பதைப் பின்னர் நுண்ணோக்கி காட்டிற்று. பல்லைக் கெடுக்கும் பகை என்று மில்லர் காட்டிய அமிலமே, அளவோடு பயன்படுத்தியபோது பல்லுக்குத் துணையாயிற்று. ஈரம் நிறைந்த தந்தினியில் ஒட்டவைப்பது இதனினும் கடினம். ஜப்பானிய அறிஞர்கள் 1979-க்குப் பின் அதற்கும் வழி கண்டனர்.

ஒட்டும் வழி கிடைத்தது. ஒட்டத் தகுந்த பொருள் வேண்டுமன்றோ? அக்ரிலிக் பிசின் இறுகும்போது மிகவும் சுருங்கும், விரைவில் தேயும். ஆகவே பழைய இடுக்கு மீண்டும் தோன்றிற்று. அமெரிக்க அரசின் தேசிய அளவைக் கழகத்தில், அந்நாட்டுப் பல் மருத்துவச் சங்கத்தின் ஆய்வாளராக இருந்த ராபேல் போவென் இதற்கு விடை கண்டார். அவர் பெரிய மூலக்கூறுகளைக் கொண்ட புதிய பிசின் ஒன்றை ஆக்கினார். அதனுடன் மணற்பொருளாகிய சிலிக்காவின் நுண்துகள்களைக் கலந்தார். துகளும் பிசினும் தனித்தனியே பிரிந்துபோகாதபடி துகள்களின் மேல் ஓர் இணைப்புப் பொருளைப் பூசினார். சிமெண்டில் சல்லி கலந்து காங்கிரீட் செய்வதை ஒத்தது இது. 1962-இல் அவருக்கு இதற்கான காப்புரிமை கிடைத்தது. பல்லின் நிறத்திலேயே அமையும் இக்கலவை இன்று உலகெங்கும் வழங்குகிறது. நீல ஒளியைப் பாய்ச்சியதும் இது சில விநாடிகளில் இறுகுவதை நீங்களும் பார்த்திருக்கலாம். ஆயினும் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருக்கம் இதிலும் உண்டு. அதைக் குறைக்கும் முயற்சி இன்றும் நடைபெறுகிறது.

மூன்றாவது வழி லண்டனில் திறந்தது. அரசாங்க இரசாயன ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆலன் வில்சனும் பிரையன் கென்டும் பழைய சிலிகேட் சிமெண்டை ஆராய்ந்தனர். அது விரைவில் கரைந்துபோகும் பொருள். ஆனால் அதைச் சுற்றியுள்ள பல்லில் மட்டும் சொத்தை அரிதாகவே விழுந்தது. அதிலிருந்து கசிந்த புளோரைடே அதற்குக் காரணம். கண்ணாடித் தூளின் சேர்க்கையை மாற்றி, பழைய அமிலத்துக்குப் பதிலாகப் பாலி அக்ரிலிக் அமிலத்தைச் சேர்த்து, 1969-இல் அவர்கள் ஒரு புதிய சிமெண்டை ஆக்கினர். கண்ணாடி அயனோமர் என்பது அதன் பெயர். பல்லிலுள்ள கால்சியத்தோடு அது நேராகவே இரசாயனப் பிணைப்புக் கொள்கிறது. புளோரைடையும் சிறிது சிறிதாக வெளிவிடுகிறது. 1980-களில் டான்சானியா நாட்டில், மின்சாரமும் துளைக்கும் பொறியும் இல்லாத இடங்களில், கைக்கருவியால் சொத்தையை மட்டும் சுரண்டி எடுத்து இச்சிமெண்டால் அடைக்கும் முறையைக் கையாண்டனர். 1994-இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரப்ப முன்வந்தது. முன்னர்ப் பிடுங்குவதைத் தவிர வேறு வழியற்றிருந்த ஏழையின் பல்லும் இவ்வாறு காக்கப்பட்டது.

இரசக்கலவை என்னவாயிற்று? அதிலிருந்து மிக நுண்ணிய அளவில் பாதரச ஆவி எழுவது உண்மையே. சிறுவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்ட இரு பெரிய ஆராய்ச்சிகள், அதனால் அவர்களது அறிவாற்றலுக்குக் கேடு நேர்ந்ததாகக் காணவில்லை. எனினும் பாதரசம் நீரையும் நிலத்தையும் கெடுக்கும். ஆகவே 2013-இல் உருவாகி 2017-இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, அதன் பயன்பாட்டைப் படிப்படியாகக் குறைக்குமாறு கூறிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து, சில விலக்குகளோடு, அதை நிறுத்திவிட்டது. 1845-இல் உறுதிமொழியால் ஒழிக்க முடியாத பொருளை, அதனினும் ஏற்ற பொருள்கள் தோன்றியபின் விலக்க முடிந்தது என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

இன்று மருத்துவர்கள் இயன்றவரை குறைவாக வெட்டுகின்றனர். பல்லுக்கு ஏற்றவாறு பொருளை ஆக்கும் காலம் இது. அதனினும் மேலான ஓர் உண்மையையும் எனாமல் ஆராய்ச்சி உணர்த்தியுள்ளது. இனிப்பை உண்டதும் பல்லின் மேற்பரப்பில் அமிலத்தன்மை சில நிமிடங்களில் உயர்ந்து, பின்னர் அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் தணிகிறது. இதை 1940-களில் ஸ்டீபன் என்பவர் பல்லின் மேலேயே நுண்கருவியை வைத்து அளந்தார். அமிலம் தணிந்ததும், உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் இழந்த படிகத்தை ஓரளவு மீண்டும் கட்டுகின்றன. குழி விழுவதற்கு முன், வெண்புள்ளியாகத் தோன்றும் நிலையிலேயே சொத்தையைத் தடுத்து மீட்க முடியும். கொத்தன் போய்விட்டான் என்றேன். ஆயினும் சுவரின் மேற்பூச்சை மட்டும் உமிழ்நீர் நாள்தோறும் செப்பனிட்டு வருகிறது. நாளெல்லாம் இனிப்பை மென்றுகொண்டே இருப்பவர், அப்பணிக்கு அதற்கு வேண்டிய நேரத்தைத் தருவதில்லை.

எத்தனை சிறந்த அடைப்பும் இயற்கை எனாமலுக்கு நிகராகாது என்று இத்துறையில் உழைத்தவர்களே கூறுவர். நீங்கள் மருத்துவராகலாம், இரசாயன அறிஞராகலாம், வேறெத்தொழிலையும் மேற்கொள்ளலாம். ஒரு பொருளைப் பற்றி உங்கள் முன் இரு தரப்பினர் உரக்க வாதிடும் நாள் கட்டாயம் வரும். அன்று பிளாக் என்னும் சிற்றூர் மருத்துவரையும், அவர் தம் கையால் செய்துகொண்ட அளவுகோலையும் எண்ணிப் பாருங்கள்.